மலர்க் கண்காட்சிக்குப் போய் வருவோம். நாள் கணக்கைக் கற்று வருவோம்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் பேருந்துகளில் நிற்கவும் இடம் கிடைப்பது அரிதாகிவிடும். பள்ளி விடுமுறையும் மலைக் குளிர்ச்சியும் ஒருபுறம் இழுக்க, மே மாதத்தில் உதகை அரசு தாவரவியல் பூங்காவில் நடைபெறும் மலர்க் கண்காட்சி மறுபுறம் மக்களை அழைக்கிறது. 1896-ஆம் ஆண்டில் தொடங்கிய இக்கண்காட்சியை இன்று தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை நடத்தி வருகிறது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைபெற்றது 127-ஆவது கண்காட்சியாகும்.

"வயலில் வேலை கிடக்கும்போது நமக்கு மலர்க் கண்காட்சி எதற்கு? அது பொழுது போக்க வருபவர்களுக்கு உரியதாயிற்றே!" என்று நீங்கள் எண்ணலாம். அரை ஏக்கரிலோ முக்கால் ஏக்கரிலோ செண்டுமல்லி, செவ்வந்தி, மல்லிகை என ஏதாவது ஒரு பூப்பயிர் வைத்திருப்பவருக்கு அந்த நாள் வீண் போகாது. அங்கே பூவின் நிறத்தையும் மணத்தையும் கண்டு மகிழ்வதோடு, இத்தனை பூக்களும் குறித்த அந்த வாரத்தில் எப்படி ஒன்றாக மலர்ந்தன என்பதையும் கேட்டறிந்து வந்தால், நம் வயலுக்குப் பயன்படும் பாடம் ஒன்று கையோடு வரும்.

நாள் தவறினால் நட்டம்

பூவுக்கு விலை என்பது பெரும்பாலும் நாளுக்குக் கிடைக்கும் விலையே ஆகும். நிலக்கோட்டை, தோவாளை, சத்தியமங்கலம் முதலிய பூச்சந்தைகளுக்குச் சென்று வருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாள்களில் எடை போடுவதற்குக்கூட ஆள் போதாத அதே சந்தையில், பூஜை முடிந்த மறுநாள் செண்டுமல்லி மூட்டையைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கட்டாது என்று கண்டு, பூவைச் செடியிலேயே விட்டுவிடுபவர்களும் உண்டு. சாலையோரம் கொட்டிவிட்டு வருபவர்களும் உண்டு.

அப்படிக் கொட்டப்பட்ட பூவில் குறை ஒன்றும் இல்லை. விதை நல்ல விதைதான். உரமும் நீரும் குறைவின்றிக் கிடைத்தவைதான். பத்து நாள் பிந்தி மலர்ந்ததே அதன் குற்றம். ஆகவே பூப்பயிரில் விளைச்சலைப் பெருக்குவது எவ்வளவு முக்கியமோ, விளைச்சலை உரிய நாளுக்குக் கொண்டுவருவதும் அவ்வளவு முக்கியம். இந்தக் கலையைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு மலர்க் கண்காட்சியைப் போன்ற இடம் வேறில்லை. கண்காட்சி நாள் முன்னரே அறிவிக்கப்பட்டுவிடும். அந்த நாளுக்குப் பூ வந்தே ஆக வேண்டும். "இன்னும் பத்து நாள் பொறுங்கள்" என்று மக்களிடம் சொல்ல முடியாது.

காய்கறிக்காகத் தொடங்கிய தோட்டம்

இந்தப் பூங்காவின் பிறப்பே விவசாயிகளுக்குச் சுவையான செய்தியாகும். 1840-களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள், நியாயமான விலையில் காய்கறி கிடைப்பதற்காக மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி ஒரு தோட்டத்தை உண்டாக்கினார்கள். பின்னர் 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவர் பொறுப்பேற்று, தொட்டபெட்டாச் சரிவில் இன்று நாம் காணும் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். நீலகிரியில் சின்கோனா பயிரைப் பரப்பியதிலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 22 எக்டர், அதாவது 55 ஏக்கர். வீட்டுச் சமையலுக்காக எழுந்த தோட்டம் நாளடைவில் மரம், செடி, கொடிகளின் பெரும் கல்விக்கூடமாக வளர்ந்திருக்கிறது.

புறப்படுவதற்கு முன்

சனி, ஞாயிறு தவிர்த்த நாளைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைந்த காலை வேளையில்தான் தோட்டப் பணியாளர்களிடம் நின்று நான்கு கேள்வி கேட்க முடியும். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ செல்வதானால், 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டுள்ளதை நினைவில் வைத்து, அப்போதைய விதியை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். கோடைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளை ஒருவழிப் பாதையாக்குவதும் உண்டு. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்கும் குடிநீர் பாட்டில்களுக்கும் தடை இருப்பதால், துணிப் பையும் வீட்டிலிருந்து ஒரு தண்ணீர்ச் செம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் பிற்பகல் மழை பெய்வது உண்டு. குடையும் கம்பளிச் சட்டையும் தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டும் பென்சிலும் மறவாதீர்கள். முடிந்தால் உங்கள் இல்லத்தரசியையும் அழைத்துச் செல்லுங்கள். நம் வீடுகளில் பூப் பறிப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. எந்தச் செடி என்றைக்கு மொட்டு விட்டது, எந்த வரிசையில் பூ முந்தி வந்தது என்பன நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வழியிலேயே முதல் பாடம்

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் கல்லாறு வரும். அங்கே பாக்குத் தோப்புகளையும், அரசு தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தான், துரியான், ரம்புத்தான் போன்ற பழ மரங்களையும் காணலாம். மலை ஏற ஏறப் பாக்கு மறைந்து தேயிலை வரும். உதகையை நெருங்கும்போது காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் படிப்படியாக அமைந்த பாத்திகளில் தெரியும். இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் பயிர்கள் இப்படி மாறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பநிலை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி சென்டிகிரேடு குறையும். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே அடிவாரத்தில் வேர்த்துக் கொட்டும் வேளையில் அங்கே கம்பளி தேவைப்படுகிறது.

பயிரின் நாள் கணக்குக்கும் இதுவே அடிப்படை. குளிரில் செடி மெதுவாக வளரும். வெப்பத்தில் விரைந்து வளரும். ஒரே விதையை ஒரே நாளில் உதகையிலும் ஈரோட்டிலும் விதைத்தால் இரண்டும் ஒரே நாளில் பூக்கா. ஆதலால் மலையில் கேட்டறியும் நாள்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே கற்க வேண்டியது கணக்குப் போடும் முறையை. போட வேண்டியது நம் வயலின் கணக்கை.

மலர் மாடத்தில் எதைப் பார்ப்பது?

பூங்காவில் நுழைந்ததும் கார்னேஷன் மலர்களால் கட்டப்பட்ட பெரிய உருவங்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, தொட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் மலர் மாடத்துக்குச் செல்லுங்கள். டேலியா, சால்வியா, பெட்டூனியா, பான்சி, செண்டுமல்லி எனப் பலவகைச் செடிகள் அங்கே ஒரே வாரத்தில் பூத்து நிற்கும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வயது வேறு. சில வகைகள் விதைத்த இரண்டரை மாதத்தில் பூத்துவிடும். சில நான்கு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்திருந்தால் பாதிச் செடிகள் ஏப்ரலிலேயே பூத்து முடிந்திருக்கும். மீதி ஜூனில்தான் மொட்டு விடும்.

ஆகவே தோட்டக்காரர் மே மாதத்து நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகிறார். நீண்ட வயதுடைய வகையை முதலிலும் குறுகிய வயதுடைய வகையைக் கடைசியிலும் விதைக்கிறார். டிசம்பர், ஜனவரியில் உதகையில் உறைபனி விழும். அப்போது இளஞ்செடிகளை மூடிக் காப்பதும், அதிகாலையில் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் அங்கே வழக்கமான வேலைகள். இவ்வாறு காக்கப்பட்ட செடிகளே மே மாதத்தில் மாடத்தில் ஏறி நிற்கின்றன.

தோட்டக்காரர்கள் நாளைச் சரிக்கட்டுவதற்குக் கையாளும் முறைகள் நான்கு. ஒன்று, விதைப்பு நாளை மாற்றுவது. இரண்டு, ஒரே வகையைச் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைப்பது. மூன்று, நுனியைக் கிள்ளுவது. கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும், முதல் பூ சில நாள் தள்ளிப் போகும். நான்கு, முந்தி வந்த மொட்டுகளை நீக்கிவிட்டு அடுத்த மொட்டுகளை வளரவிடுவது. இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தொட்டிச் செடிக்குச் செய்வதை வயலிலும் செய்யலாம்.

மாடத்தில் நிற்கும்போது பணியாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: "இந்தச் செடி என்றைக்கு விதைத்தது? என்றைக்குத் தொட்டிக்கு மாற்றினீர்கள்? எத்தனை முறை கிள்ளினீர்கள்? முதல் மொட்டு எப்போது தெரிந்தது?" பத்துச் செடிகளுக்கு இந்த விவரங்களை எழுதிக்கொண்டால் பின்னோக்கி எண்ணும் முறை உங்களுக்கு விளங்கிவிடும்.

செண்டுமல்லிக்கு நாள் கணக்கு

இப்போது அந்த முறையை நம் வயலுக்குக் கொண்டுவருவோம். சமவெளியில் செண்டுமல்லி நாற்று விதைத்த 30-ஆம் நாள் வாக்கில் நடவுக்கு வரும். 45 செ.மீ. x 35 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 25,000 நாற்றுகள் தேவைப்படும். நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நட்ட 60-ஆம் நாள் வாக்கில் முதல் பறிப்பு வரும். அதன் பிறகு 3 நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். முதல் இரண்டு பறிப்புகளில் பூ குறைவாகவே இருக்கும். நான்காவது, ஐந்தாவது பறிப்புகளில்தான் கூடை நிறையும். ஆகவே ஐந்தாவது பறிப்பு பண்டிகைக்கு முதல் நாள் அமையுமாறு எண்ண வேண்டும்.

2025-ஆம் ஆண்டில் ஆயுத பூஜை அக்டோபர் 1-ஆம் நாள் வந்தது. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது பறிப்பு செப்டம்பர் 30, நான்காவது 27, மூன்றாவது 24, இரண்டாவது 21, முதல் பறிப்பு செப்டம்பர் 18. அதற்கு 60 நாள் முன்பு, அதாவது ஜூலை 20-இல் நடவு. அதற்கு 30 நாள் முன்பு, ஜூன் 20-இல் விதைப்பு. மொத்தத்தில் பூஜைக்கு 103 நாள் முன்பே விதை மண்ணில் விழ வேண்டும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2023-இல் ஆயுத பூஜை அக்டோபர் 23-ஆம் நாள் வந்தது. 2024-இல் அக்டோபர் 11. 2025-இல் அக்டோபர் 1. திதியைக் கொண்டு வரும் பண்டிகை ஆண்டுதோறும் 10, 12 நாள் முந்திக்கொண்டே வரும். அதிக மாதம் வரும் ஆண்டில் ஏறத்தாழ 18 நாள் பின்னுக்குப் போகும். 2024-இல் ஜூன் 30-ஆம் நாள் விதைத்து நல்ல விலை கண்ட ஒருவர், மறு ஆண்டும் அதே நாளில் விதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் பறிப்பு செப்டம்பர் 28-இல் வரும். இரண்டாவது பறிப்பு பூஜை அன்றைக்கே வரும். கூடை நிறையும் ஐந்தாவது பறிப்பு, பூஜை முடிந்து ஒன்பது நாள் கழித்து அக்டோபர் 10-இல் வரும். விதை, உரம், உழைப்பு எல்லாம் போன ஆண்டைப் போலவேதான். பஞ்சாங்கத்தை மட்டும் பார்க்கத் தவறியதால் பணம் போய்விடும். தீபாவளியும் இப்படி மாறி மாறி வருவதே. பொங்கல் மட்டும் சூரியனைக் கொண்டு வருவதால் நாள் மாறாது.

ஒரே நாளை நம்பி முழு நிலத்தையும் நடுவதும் தகாது. மழை பெய்தால் நாற்றங்கால் பிந்தும். மேகமூட்டம் நீடித்தால் மொட்டுப் பிந்தும். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது சந்தைகளும் கோயில்களும் மூடப்பட்டு, பூத்த வயல்களை அப்படியே உழுதுவிட நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் உதகைக் கண்காட்சியும் நடைபெறவில்லை. அரை ஏக்கர் இருந்தால் அதை மூன்று பங்காக்கி, ஒரு வார இடைவெளியில் மூன்று தவணையாக விதையுங்கள். நடுப்பங்கு பண்டிகைக்கும் மற்ற இரண்டும் முன்பின் வரும் முகூர்த்தங்களுக்கும் ஆகும். ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும்.

செவ்வந்திக்கு இரவின் நீளமே கடிகாரம்

மலர் மாடத்தில் செவ்வந்தி பூத்திருக்கக் கண்டால் அங்கே சற்று நில்லுங்கள். செவ்வந்தி பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டு விடும் பயிர். நம் பகுதியில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். பகல் நீண்டுகொண்டே போகும் மே மாதத்தில் செவ்வந்தியைப் பூக்க வைக்க வேண்டுமானால், மாலையிலிருந்து காலை வரை கறுப்புத் துணியால் மூடிச் செயற்கையாக இரவை நீட்ட வேண்டும். பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமானால் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கு எரிய விட வேண்டும். பசுமைக் குடிலில் வளர்ப்பவர்கள் இவ்விரண்டையும் செய்கிறார்கள். உங்கள் செவ்வந்தி வயல் தெருவிளக்கின் அருகில் இருந்தால், விளக்கை ஒட்டிய செடிகள் மட்டும் பிந்திப் பூப்பதைக் காணலாம். அது நோய் அன்று. செடி இரவைப் பகல் என்று எண்ணிக்கொள்வதால் வருவது.

திறந்த வயலில் துணியும் விளக்கும் கட்டுபடி ஆகாமல் போகலாம். ஆனால் செடியின் இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டால் ஒரு தவற்றைத் தவிர்க்கலாம். செவ்வந்தியை ஜூன், ஜூலையில் நடவேண்டும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வேர்விட்ட பக்கக் கன்றுகளை நட்டு, நான்காவது வாரத்தில் நுனியைக் கிள்ளினால், மூன்று நான்கு மாதங்களில் பூ வரும். நடவு மிகவும் பிந்தினால் செடி போதிய கிளை விடுவதற்கு முன்பே இரவு நீண்டுவிடும். பூ வரும் காலம் பெரிதும் மாறாது. செடி சிறுத்துப் பூவின் எண்ணிக்கை குறையும். செண்டுமல்லி பிந்தினால் நாள் போகும். செவ்வந்தி பிந்தினால் எடை போகும். இரண்டுக்கும் ஒரே கணக்கு ஆகாது.

மல்லிகைக்குக் கத்தரிதான் நாள் குறிக்கிறது

பல ஆண்டுப் பயிரான மல்லிகையில் விதைப்பு நாளை மாற்ற வழியில்லை. அங்கே கவாத்து நாள்தான் விதைப்பு நாள் போன்றது. குண்டு மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால் புதுத் தளிர் விட்டு மார்ச் முதல் பூக்கத் தொடங்கும். கவாத்து செய்தவுடன் ஒரு முறையும், ஜூன் - ஜூலையில் மறுமுறையுமாக இரண்டு பங்காகப் பிரித்து, ஆண்டுக்குச் செடி ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம் இடவேண்டும். முல்லைக்குக் கவாத்துக் காலம் ஜனவரி கடைசி வாரம்.

தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒரு பகுதியை மட்டும் இரண்டு வாரம் முந்தி வெட்டிப் பாருங்கள். அப்பகுதியில் பூ எத்தனை நாள் முந்தி வந்தது, அந்த நாள்களில் என்ன விலை கிடைத்தது என்று குறித்து வையுங்கள். இருபது செடிகளில் செய்து பார்த்து, பயன் கண்ட பிறகு விரிவுபடுத்தலாம்.

நாளோடு வேளையும்

கண்காட்சியில் கொய்மலர்களுக்கும் தோட்டங்களுக்கும் போட்டிகள் நடைபெறும். வெற்றி பெற்றவர்களுக்குச் சுழற்கோப்பைகளும் வழங்கப்படும். கொய்மலர் மேசையின் அருகே நின்று, ஒவ்வொரு பூவும் எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிளாடியோலஸ் தண்டில் அடியில் உள்ள ஒன்றிரண்டு பூக்களில் நிறம் தெரிந்தவுடன் வெட்டுவார்கள். மேலே உள்ளவை ஜாடித் தண்ணீரில் ஒவ்வொன்றாக விரியும். தொலைவிடத்துக்கு அனுப்பும் ரோஜாவை மொட்டாகவே வெட்டுவார்கள். நம் மல்லிகையோ, நன்கு பருத்து வெளுத்த மொட்டாகப் பொழுது விடியும் முன் பறிக்கப்பட வேண்டும். செண்டுமல்லி முழுதும் விரிந்த பிறகு காலைக் குளிர்ச்சியில் பறிக்கத் தக்கது. மூன்று மாதம் நாள் எண்ணி வளர்த்த பூவைக் கடைசியில் நண்பகல் வெயிலில் பறித்து வாட விடுவது, கரை சேர்ந்த தோணியைக் கட்டாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

தக்காளி வயலுக்கும் உதவும் கணக்கு

"நான் பூப்பயிர் செய்வதில்லை, தக்காளிதான்" என்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தக்காளியில் காய்ப்புழுவைக் கவர்ந்து இழுக்கச் செண்டுமல்லியை இடையில் நடும் முறையைப் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. இதில் தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயதும், செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள் வயதும் இருக்க வேண்டும் என்பது முக்கியம். அப்போதுதான் தக்காளி பூக்கும் நேரத்தில் செண்டுமல்லியும் பூத்திருக்கும். தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியை நாடிச் சென்று முட்டையிடும். இரண்டு நாற்றையும் ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் நட்டுவிட்டு, "பலன் இல்லை" என்று சொல்பவர்கள் இந்த 20 நாள் வேறுபாட்டை விட்டுவிட்டவர்களே.

வாங்கத்தக்கதும் தகாததும்

திரும்பும்போது தொட்டிச் செடிகளும் கிழங்குகளும் வாங்கிவர ஆசை எழும். வீட்டு வாசலுக்கு ஒன்றிரண்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் பான்சி, கார்னேஷன் போன்ற குளிர்ப் பயிர்கள் சமவெளி வயலின் கோடைக்குத் தாங்கா. அவற்றை நம்பி நிலத்தை ஒதுக்காதீர்கள். செண்டுமல்லி, கோழிக்கொண்டை, ஜினியா போன்றவை நம் வெப்பத்திலும் வளர்பவை. அவற்றின் புதிய நிறங்களைக் கண்டால் பெயரை எழுதிக்கொண்டு, விதையை நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

மண் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-ஆம் ஆண்டு நீலகிரியில் கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் முட்டைக்கூடு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். அவை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தக்காளி, கத்தரியிலும் இது வாழக்கூடியது. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்லத் தடை விதிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். நம் சமவெளி வெப்பம் இந்தப் புழுவுக்கு ஏற்றதன்று என்றாலும், வேறு மலைப் பகுதிகளில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பெருங்கேடு. வேர்முடிச்சு நூற்புழுவோ சமவெளியிலும் செழித்துப் பெருகும். சம்பங்கி, கனகாம்பரம், கத்தரி, தக்காளி எல்லாவற்றையும் கெடுக்கும். அதுவும் நாற்றோடு வரும் மண்ணில்தான் பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் போகிறது. ஆகவே விதைக்கிழங்கு வாங்கி வராதீர்கள். மலைத் தோட்டத்து மண்ணைக் கொண்டுவராதீர்கள். வயல்களில் இறங்கி நடந்திருந்தால் செருப்பில் ஒட்டிய சேற்றை அங்கேயே கழுவிவிட்டு வாருங்கள்.

வீடு திரும்பிய பின்

மறுநாள் காலை, களைப்புத் தீருமுன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கொண்டுபோன நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி உங்கள் வயலின் பெயரை எழுதுங்கள். அதன் கீழ் ஒவ்வொரு பயிருக்கும் இந்த ஆறு நாள்களைக் குறித்து வாருங்கள்:

1. விதைத்த நாள்
2. நட்ட நாள்
3. நுனி கிள்ளிய அல்லது கவாத்து செய்த நாள்
4. முதல் மொட்டுக் கண்ட நாள்
5. முதல் பறிப்பு நாளும் எடையும்
6. மிகுந்த எடை கிடைத்த நாளும் அன்றைய விலையும்

இக்கட்டுரையில் சொன்ன 30 நாள், 60 நாள் என்பன பொதுவான அளவுகள். உங்கள் மண்ணும் நீரும் இரகமும் பட்டமும் அவற்றை ஐந்து நாள் முன்னோ பின்னோ தள்ளும். இரண்டு ஆண்டு குறித்து வந்தால் அந்த ஐந்து நாளும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும், பண்டிகை நாள்களையும் முகூர்த்த நாள்களையும் பார்த்துப் பின்னோக்கி எண்ணி, விதைப்பு நாளைச் சுவரில் எழுதி வைத்துவிடலாம்.

உதகைப் பூங்காவில் மே மாதத்தில் நாம் காணும் பூ, முந்தைய பனிக்காலத்திலேயே நாள் குறிக்கப்பட்ட பூ. நம் வயலில் புரட்டாசிக்கு வேண்டிய பூவுக்கும் ஆனியிலேயே நாள் குறிக்க வேண்டும். கண்காட்சிக்குச் சென்று வாருங்கள். குழந்தைகள் பூவை எண்ணட்டும். நீங்கள் நாளை எண்ணி வாருங்கள். வரும் ஆயுத பூஜைக்கு உங்கள் கூடை உரிய நாளில் சந்தைக்குப் போய்ச் சேரட்டும்.